டு கேட்ச் எ தீஃப் (1955): கூரைக் காட்சியெல்லாம் கருப்பாத் தெரியுது, என்ன செய்யலாம்?

கொக்கிரகுளம்_திரை

ஆனித் தேரோட்டம் முடிஞ்சு அடுத்த ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டையில ஒரு சின்ன மண்டபத்துல ஹிட்ச்காக்கோட 'டு கேட்ச் எ தீஃப்' போடுதோம். 60 பேர் வரை வருவாங்க. பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வசனம் பிடிபடாது, அதனால தமிழ் சப்டைட்டில் கட்டாயம் வேணும். கையில இருக்கது 3200 லூமன்ஸ் லேம்ப் ப்ரொஜெக்டர், 10 அடி அகலத் திரை, ஒரு லேப்டாப், ரெண்டு ஸ்பீக்கர்.

ஓட்டிப் பாத்ததுல நாலு சங்கடம். பூனை ஓட்டுக்கூரை மேல நடக்கது, திருடன் ஏறி இறங்குதது எல்லாமே ஒரே கருப்பு. தெரியுத இடமும் பச்சை அடிக்குது. பகல் காட்சி மட்டும் அருமையா இருக்கு. ரெண்டாவது, சப்டைட்டில்ல கொம்பும் காலும் பிரிஞ்சு தனியா நிக்குது, போகப் போக வசனத்துக்கும் எழுத்துக்கும் ஒட்டாமப் போகுது. மூணாவது, வாணவேடிக்கை காட்சியில கிரேஸ் கெல்லி போட்டிருக்க வைர மாலை போலின்னு நாயகன் ராபி (கேரி கிராண்ட்) எப்படிச் சொல்லுதார்? டவுன்ல நகைத்தொழில் பாக்குதவங்க சிலரும் படத்துக்கு வாராங்க, கண்டிப்பாக் கேப்பாங்க. கடைசியா, படத்துக்கு முன்னால 10 நிமிஷம் பேசணும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வண்ணார்பேட்டை_ஆப்பரேட்டர்

பச்சையையும் கருப்பையும் தனித்தனியாப் பாருங்க அண்ணாச்சி. ரெண்டுக்கும் காரணம் வேற.

பச்சை படத்துலயே உள்ளதுதான். டெக்னிகலர்ல ராத்திரின்னா வானத்தை நீலமாக் காட்டுதது அப்போ வழக்கம். அந்த நீலம் ஹிட்ச்காக்குக்குப் பிடிக்கல. பச்சை ஃபில்டர் போட்டு எடுத்தாங்க. நெனச்ச நிறம் முழுசா வரலன்னு அவரே பின்னால பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோகிட்ட சொல்லியிருக்கார். அதனால டின்ட்டைத் திருகிப் பச்சையை எடுக்காதீங்க, பகல் காட்சியில முகமெல்லாம் ஊதா பாஞ்சிரும். ஆனா நீங்க பாக்குத பச்சை முழுசும் படத்தோடது இல்ல. லேம்ப் ப்ரொஜெக்டர் விளக்குல பச்சை வெளிச்சம் இயல்பாவே தூக்கலா இருக்கும். 'டைனமிக்' இல்ல 'ப்ரைட்' மோடுல லூமன்ஸ் கணக்கைக் காட்டுததுக்காக அதை அப்படியே திறந்து விட்டுருவான். படத்துப் பச்சையும் விளக்குப் பச்சையும் சேந்தா கூரைக் காட்சி பாசி பிடிச்ச மாதிரி ஆயிரும். 'சினிமா' மோடுக்கு மாத்தி, கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' இல்ல 6500-ல வைங்க. வெளிச்சம் குறையுதேன்னு பயப்பட வேண்டாம். உங்க திரை 10 அடிக்கு 5.6 அடி, 56 சதுர அடி. தியேட்டர் அளவு வெளிச்சம் 16 ஃபுட்-லாம்பர்ட். உங்க திரைக்கு அது வர 900 லூமன்ஸ் போதும். சினிமா மோடுல அதுக்கு மேலயே கிடைக்கும்.

கருப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச். அதாவது கேபிள் வழியாப் போற வெளிச்ச எண்ணோட எல்லை. லேப்டாப் 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரை அனுப்பும். ப்ரொஜெக்டர் 16 முதல் 235 வரைதான் வருதுன்னு எடுத்துக்கிட்டா 16-க்குக் கீழ உள்ள நிழல் மொத்தமும் ஒரே கருப்பாப் போயிரும். பகல் காட்சியில அந்த அளவு நிழல் கம்மி, அதனாலதான் அங்க கோளாறு தெரியல. லேப்டாப் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல 'லிமிடெட்'டுன்னு மாத்துங்க. அது இல்லன்னா ப்ரொஜெக்டர் மெனுவுல ஹெச்டிஎம்ஐ ரேஞ்சை 'ஃபுல்' ஆக்குங்க. அதுக்குப் பெறவும் இருட்டா இருந்தா காமாவை (நடுத்தர நிழலோட வெளிச்சத்தை மாத்துத செட்டிங்) 2.4-லருந்து 2.2-க்கு இறக்குங்க, அதுக்குக் கீழ வேண்டாம். ப்ரைட்னஸைக் கூட்டிச் சரி பண்ணப் பாத்தா கருப்பு சாம்பலாகும், நிழல் திரும்பி வராது. அளவு சரியா இல்லையான்னு பாக்க ஆரம்பத்துல கருப்புப் பூனை நடந்து வார கூரை போதும். பூனையும் ஓட்டு விளிம்பும் தனித்தனியாத் தெரியணும், வானம் கூரையை விட ஒரு படி வெளுப்பா இருக்கணும்.

நேரம் 5:30-ன்னு வச்சிராதீங்க. ஆனி மாசம் நம்ம பக்கம் சூரியன் விழ 6:40 ஆகும். ப்ரொஜெக்டருக்குக் கருப்பு வெளிச்சம்னு ஒண்ணு கிடையாது, மண்டபம் எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் திரையில கருப்பு. 7 மணிக்குத் தொடங்குங்க. படம் 106 நிமிஷம். வெண்டிலேட்டருக்குக் கருப்புத் துணி அடிங்க, திரைக்குப் பக்கத்துச் சுவர் வெள்ளையா இருந்தா அதுக்கும்.

படச் சட்டம் 1.85, அதாவது உயரத்தைப் போல 1.85 மடங்கு அகலம். ப்ரொஜெக்டர் 1920-க்கு 1080-ன்னா மேலயும் கீழயும் 21 வரி கருப்பா நிக்கும், அது இருக்கணும். டிவிக்காக 4:3-ல வெட்டின பழைய பிரதின்னா தொடவே தொடாதீங்க. இது விஸ்டாவிஷன்ல எடுத்த படம், ஹிட்ச்காக் அந்த முறையில எடுத்த முதல் படம். வழக்கமா 35 மி.மீ. ஃபிலிம் மேலருந்து கீழ ஓடும், ஒரு ஃப்ரேமுக்கு 4 துளை. இதுல ஃபிலிம் பக்கவாட்டா ஓடும், ஒரு ஃப்ரேமுக்கு 8 துளை, நெகட்டிவ் பரப்பு ரெண்டு மடங்குக்கு மேல. பெறவு அதைச் சுருக்கிச் சாதாரணப் ப்ரிண்ட் போடுவாங்க, அதான் கிரெயின் (ஃபிலிம்ல தெரியுத புள்ளி) அவ்வளவு பொடிசு. ராபர்ட் பர்க்ஸுக்கு ஒளிப்பதிவு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படத்தை ரெண்டு பக்கமும் வெட்டிக் காட்டுதது அநியாயம். ஷார்ப்னஸ், ஃப்ரேம் இன்டர்பொலேஷன் (நடுவுல புது ஃப்ரேம் சேத்து அசைவை வழவழப்பாக்குத வசதி) ரெண்டையும் அணைச்சிருங்க. கார்ல போற காட்சியில நெருக்கமா வார முகமெல்லாம் ஸ்டுடியோவுல, பின்னால திரை ஓடவிட்டு எடுத்தது. ஷார்ப்னஸ் கூடினா தலைமுடி ஓரத்துல வெள்ளைக் கோடு கிளம்பிக் காட்டிக் கொடுத்துரும்.

ஒலி மோனோ. ரெண்டு ஸ்பீக்கரையும் மண்டபத்து ரெண்டு மூலையில வைக்காம திரைக்குக் கீழ பக்கத்துப் பக்கத்துல வைங்க. சீலிங் ஃபேன் முழு வேகத்துல ஓடுனா கேரி கிராண்ட் மெதுவாப் பேசுத வசனம் பாதி போயிரும். 3-ல வச்சு, பின்பக்கம் ரெண்டு பெடஸ்டல் ஃபேன் போடுங்க. பின்சுவர் வெறும் சுவரா இருந்தா எதிரொலிக்கும், ரெண்டு மூணு கனமான ஜமுக்காளத்தை மடிப்பு விழ தொங்கவிடுங்க. பத்தமடைப் பாய் மெல்லிசு, சத்தத்தை உறிஞ்சாது.

ப்ரொஜெக்டருக்கு 1 கேவிஏ யுபிஎஸ் கண்டிப்பா வேணும். கரண்ட் போனா ஃபேனும் நிக்கும், லேம்ப் சூட்டோட மாட்டிக்கிடும். கரண்ட் வந்தாலும் ஆறுத வரைக்கும் பத்தாது. ஸ்பீக்கரை யுபிஎஸ்ல மாட்டாதீங்க.

கீழரதவீதி

மாலை விஷயம் நான் சொல்லுதேன். ராபி லென்ஸ் வச்சுச் சோதிக்கல. அந்த அறையில அவருக்குக் கண்ணு மட்டுந்தான். அது போதுமான்னு கேட்டா, போலி எதுல செஞ்சதுங்கதைப் பொறுத்தது.

இப்போ வைரத்துக்குப் பதிலா வைக்குத க்யூபிக் ஸிர்கோனியா 1955-ல கிடையாது. அது கடைக்கு வந்தது 1970-களோட பின்பாதியில. மாய்சனைட் 1990-கள் கடைசியில. அப்போ போலின்னா பெரும்பாலும் ஈயக் கண்ணாடி, இல்லன்னா செயற்கை வெள்ளைச் சஃபையர், ஸ்பைனல். வைரத்தோட ஒளிவிலகல் எண் 2.42, ஈயக் கண்ணாடி 1.6, 1.7-க்குள்ள நிக்கும். இதான் விஷயமே. நல்லாப் பட்டை போட்ட வைரத்துல மேல விழுத வெளிச்சம் அடிப்பட்டையில பட்டுத் திரும்பி மேலயே வரும். கண்ணாடியில கொஞ்சம் அடிவழியா ஒழுகிரும். நேராப் பாக்கும்போது ரெண்டும் மின்னும். கழுத்து ஒரு இழை அசைஞ்சு கல் சாய்ஞ்சா கண்ணாடியில நடுவுல சன்னல் மாதிரி ஒரு வெறும் இடம் திறக்கும், வைரத்துல அங்கயும் துண்டு துண்டா வெளிச்சமும் இருட்டும் மாறிக்கிட்டே இருக்கும். ஈயம் கூடுதலாப் போட்ட கண்ணாடி நிறமும் சிதறும், அதனால வெறும் நிறத்தை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது.

வாணவேடிக்கை வெளிச்சம் இதுக்கு நல்ல வெளிச்சமாங்கது அடுத்த கேள்வி. கல்லோட நிறத்தைச் சொல்ல ஆகாது, பச்சை வெளிச்சத்துல மஞ்சக் கல்லும் வெள்ளைக் கல்லும் ஒண்ணுதான். ஆனா ஒரே பக்கத்துலருந்து விட்டு விட்டு வார வெளிச்சத்துல ஒவ்வொரு பட்டையும் தனியா அடிச்சு அணையும், கல் உயிரா இல்லையான்னு தெரிஞ்சிரும். கடையில ட்யூப்லைட்டை அணைச்சுட்டு ஒத்தை பல்பு வெளிச்சத்துல பாக்கச் சொல்லுதது இதுக்குத்தான். கிரேஸ் கெல்லி விளக்கை அணைச்ச பெறவு கேமரா முகத்தை நிழல்ல விட்டுட்டுக் கழுத்துக்குக் கீழ மட்டும் வெளிச்சத்தை நிறுத்துது. வெள்ளை கவுன், அதுக்கு மேல மாலை, அதுக்கு மேல இருட்டு. ரேஞ்ச் சரியில்லன்னா இந்த இடத்துல முகம் அடியோட காணாமப் போயிரும், அதனால ஆப்பரேட்டர் அண்ணாச்சி சொன்னதை முதல்ல செஞ்சிருங்க.

கண்ணு ஒரு பக்கம், தொழில் புத்தி ஒரு பக்கம். லாயிட்ஸ் காப்பீட்டு ஆளு ஹியூசன் கொடுத்த நகைப் பட்டியல் ராபி கையில இருக்கு. யாருகிட்ட என்ன நகைன்னு அவருக்குத் தெரியும். ஸ்டீவன்ஸ் வீட்டு நகை, கிரேஸ் கெல்லி பாத்திரத்தோட அம்மாவோடது. திருடன்னு தெரிஞ்ச ஆளை விளக்கணைச்ச அறையில உக்கார வச்சு, இன்ஷூர் பண்ண மாலையைப் போட்டுக்கிட்டு நிக்கது யாரும் செய்யுத காரியமா? கேக்குதவங்ககிட்ட, பாதி கண்ணு பாதி கணக்குன்னு சொல்லுங்க. எனக்குத் தோணுதது அதுதான்.

கையில எடுத்துப் பாக்குததுன்னா 10 மடங்கு லென்ஸ்தான். பட்டையும் பட்டையும் சேருத விளிம்பு வைரத்துல கத்தி மாதிரி இருக்கும். கண்ணாடியோட கடினம் 5, 6-தான். நம்ம ஊர்ப் புழுதியில இருக்க குவார்ட்ஸ் 7. துடைக்கத் துடைக்க விளிம்பு மழுங்கிரும். உள்ள உருண்டைக் குமிழி தெரிஞ்சா கண்ணாடின்னு முடிவே பண்ணிரலாம். மூச்சு விட்டுப் பாக்குத சோதனையை நம்பாதீங்க. வைரத்துல ஆவி உடனே விலகும்ங்கது சரிதான். ஆனா நம்ம ஊர் மத்தியான வெக்கையில, உடம்புச் சூட்டுல கிடந்த தோட்டுல ஆவி முதல்ல படியவே படியாது. எண்ணெய்ப் பசை இருந்தாலும் தப்பாத்தான் காட்டும். உதிரிக் கல்லுன்னா எடை பேசும். 6.5 மி.மீ. விட்டமுள்ள வட்ட வைரம் 1 கேரட், அதாவது 0.2 கிராம். அதே விட்டத்துல ஸிர்கோனியா 1.6 கேரட்டுக்கு மேல நிக்கும்.

இங்க பழைய ஏழு கல் தோடெல்லாம் க்ளோஸ் செட்டிங், பின்பக்கம் மூடினது. அடிவழியா வெளிச்சம் ஒழுகுதான்னு பாக்க வழியில்ல. படத்துல வார மாலை மாதிரி ஓப்பன் செட்டிங்கா இருந்தா கண்ணுக்கு வேலை எளிசு. வைரம் சோதிக்குத டெஸ்டர் பேனா வச்சாலும் முனை கல்லோட மேல் மேசையில (மேல இருக்க தட்டைப் பட்டை) மட்டும் படணும். பக்கத்துத் தங்கத்துல பட்டா தப்பாக் காட்டும். மாய்சனைட்டையும் அது வைரம்னு சொல்லிரும், அதுக்குக் கல்லைச் சாய்ச்சு லென்ஸ்ல பாத்தா பின்பட்டை விளிம்பு ரெட்டையாத் தெரியும்.

மேலப்பாளையம்_எழுத்து

சப்டைட்டில் விஷயத்துக்கு வருகிறேன். கொம்பு பிரிந்து நிற்பது கோப்பின் குற்றமில்லை, எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாத ப்ளேயரின் குற்றம். 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என்று மாற்றி அடுக்கத் தெரியாமல் வரிசை குலைத்துக் காட்டுகிறது. சில ப்ளேயர்களில் ஃபாண்ட் மாற்றினால் சரியாகும். நிச்சயமான வழி, எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது. சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் சேமியுங்கள். ஹேண்ட்ப்ரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் படத்தைத் திறந்து, சப்டைட்டில் பகுதியில் அந்த எஸ்ஆர்டி கோப்பைச் சேர்த்து, 'பர்ன் இன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, முதலில் 2 நிமிடத் துண்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 'கௌ', 'ஸ்ரீ', 'ணை' மூன்றும் சரியாக வந்தால் முழுப் படத்தையும் ஓட்டலாம். படத்தின் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18-ல் வையுங்கள். 22-க்கு மேல் போனால் அந்த இருட்டுக் கூரைகளில் கட்டம் கட்டமாகத் திட்டு விழும். படத்தைச் சுருக்கும் என்கோடர் இருட்டில்தான் முதலில் சிக்கனம் பிடிக்கும்.

போகப் போக விலகுவதற்குக் காரணம் ஃப்ரேம் வேகம். சப்டைட்டில் நொடிக்கு 25 ஃப்ரேம் பிரதிக்குச் செய்தது, உங்கள் பிரதி 23.976. வித்தியாசம் 4 சதவீதம்தான், ஆனால் 106 நிமிடப் படத்தில் கடைசியில் 4 நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும். விஎல்சி ப்ளேயரில் ஜி, ஹெச் விசைகளைத் தட்டி இதைச் சரிசெய்ய முடியாது. அவை ஒரே அளவாகத் தள்ளும், ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி நொடி. உங்களுடையதோ கூடிக்கொண்டே போகும் விலகல். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃப்ரேம் ரேட் மாற்றும் வசதிக்குப் போய் 25-லிருந்து 23.976 என்று கொடுங்கள். பிறகு முதல் வசனம், கடைசி வசனம் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவில் தள்ளி நின்றால் மட்டும் ஜி, ஹெச் வேலைக்கு ஆகும். இதையெல்லாம் படத்தில் பதிப்பதற்கு முன் முடித்துவிடுங்கள்.

வரி அதிகபட்சம் இரண்டு, வரிக்கு 30 எழுத்தைத் தாண்ட வேண்டாம். இந்தப் படத்தில் பேச்சு வேகம். ஜான் மைக்கேல் ஹேய்ஸின் வசனம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். ஒரு வரி திரையில் ஒன்றரை நொடிக்குக் குறைந்தால் யாராலும் படிக்க முடியாது, எனவே சுருக்கத்தான் வேண்டும். எதைச் சுருக்கலாம் என்றால் வழிவிவரம், முகமன். எதைத் தொடக்கூடாது என்றால் ராபியும் ஹியூசனும் ராபி வீட்டில் சாப்பிடும் காட்சி. சமையல்காரி ஜெர்மெய்னின் கை எவ்வளவு மென்மை என்று முதலில் ராபி சொல்வார். அந்தக் கையால்தான் ஒரு ஜெர்மன் தளபதியைச் சத்தமில்லாமல் கழுத்தை நெரித்தாள் என்று அடுத்து அவரே சாதாரணமாகச் சொல்வார். இரண்டு வரிகளும் தனித்தனியாக வர வேண்டும். ஒன்றாகப் போட்டால் சிரிப்பு, ஆள் பேசுவதற்கு முன்பே முடிந்துவிடும். பிரெஞ்சில் பேசும் இடங்களை அப்படியே விட்டுவிடலாம். கதைக்குத் தேவையானது முகத்திலேயே தெரிகிறது.

சமாதானபுரம்

முன்னால பேசுததுக்கு 10 நிமிஷம் தாராளம். ஒண்ணை மட்டும் நல்லா விளக்குங்க: ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மானியரை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்புப் படை. ஜான் ராபி 'பூனை'ன்னு பேரெடுத்த நகைத் திருடன். போர்ல அவரும் சிறைக் கூட்டாளிகளும் ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டை போட்டதால பரோல் கிடைச்சுது. அந்தக் கூட்டாளிகள்தான் இப்போ பெர்த்தானியோட உணவகத்துல வேலை பாக்குதாங்க. பழைய பாணியில புதுத் திருட்டு நடந்தா எல்லாருக்கும் பரோல் போகும், அதான் ராபியைக் கண்டதும் அந்த முறைப்பு. இது தெரியலன்னா சமையலறைக் காட்சி ஒண்ணுமே புரியாது.

அதுக்கு அடுத்தது இன்ஷூரன்ஸ். காப்பீட்டுக்காரன் எதுக்கு ஒரு திருடன் கையில நகைப் பட்டியலைக் கொடுக்கான்னு ஜனங்க கேப்பாங்க. களவு போன நகைக்கு முழுத் தொகை கொடுக்கதை விட நகையை மீட்டா கம்பெனிக்கு லாபம். அந்தக் கணக்குலதான் படமே ஓடுது. ஹோட்டல் துண்டு, ஆஷ்ட்ரேன்னு பேச்சை இழுத்து நீயும் சின்னத் திருடன்தான்னு ராபி ஹியூசனை மடக்குத இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்க. மேட்டுக்குடியைப் பத்திப் படம் சொல்ல வேண்டியதை அங்கயே சொல்லிருது, என் பார்வையில வாணவேடிக்கையை விட அது பெரிய காட்சி. திருமதி ஸ்டீவன்ஸ் சிகரெட்டை முட்டை மஞ்சக்கருவுல குத்தி அணைக்க இடமும் அதே ரகம். தட்டுல சாப்பாடு அப்படியே இருக்கும், ஒரு புகை மட்டும் கிளம்பும். பணம் புதுசுங்கதை அந்த ஒத்தை ஷாட் சொல்லிருது.

ஹிட்ச்காக் தலைகாட்டுதது பஸ்ல, ராபிக்கு ஒரு பக்கம் பறவைக் கூண்டு, மறு பக்கம் அவரு. இதை முன்னாலயே சொல்லிரலாம், தேடிக்கிட்டே இருந்தா கதையை விட்டுருவாங்க. கிரேஸ் கெல்லி 1956-ல மொனாக்கோ இளவரசரைக் கட்டினதை யாராவது கேட்டா மட்டும் சொன்னாப் போதும்.

இடைவேளை விடுததுன்னா மலைப்பாதையில கார் ஓடி, வெளியில உக்காந்து கோழி சாப்பிடுத காட்சி முடிஞ்ச உடனே விடுங்க. அடுத்து வருதது வாணவேடிக்கை ராத்திரி. அதுலருந்து நகை களவு போகுத வரைக்கும் ஒரே மூச்சு, நடுவுல விளக்கைப் போட்டா செத்துப் போகும்.

இனி சொல்லுதது படம் பாத்தவங்களுக்கு மட்டும், மத்தவங்க தாண்டிப் போயிருங்க. துப்பு நேர்மையா வச்சிருக்கானாங்கதுதான் நல்ல விவாதம். பெர்த்தானி உணவகத்துல வேலை பாக்குத ஃபூஸார் செத்ததும் அவன்தான் பூனைன்னு போலீஸ் அறிவிக்கும். ஆனா அவனுக்கு ஒரு கால் மரக்கால். ஓட்டுக்கூரையில சத்தமில்லாம ஏறுததுக்கு ரெண்டு காலும் வேணும், உடம்பு கனமில்லாம இருக்கணும், அந்த வீட்டுக் கூட்டத்தோட பழக்கமும் இருக்கணும். மூணும் பொருந்துத ஆளு படத்துல ஒருத்திதான். அவளை ஹிட்ச்காக் வெளிச்சத்துலயே நிறுத்தி வச்சிருக்கார், படகு ஓட்ட விடுதார், கடல்ல கிரேஸ் கெல்லியோட வாய்ச்சண்டை போட விடுதார். பொறாமைக்காரின்னு நம்ம கண்ணு முத்திரை குத்திருது, மேல யோசிக்க விடல. விருந்துல முகமூடிக்குள்ள ராபிக்குப் பதிலா ஹியூசன் ஆடுத ஏற்பாட்டையும் ரெண்டாம் தடவை பாத்தா நடை மாறுதது தெரியும்.

கொக்கிரகுளம்_திரை

ரொம்ப நன்றி அண்ணாச்சி எல்லாருக்கும். ரேஞ்சை மாத்தினதும் ஓட்டு விளிம்பு வரிசையாத் தெரியுது, பூனையும் தெரியுது. ஆனா இப்போ கருப்பே சாம்பலா இருக்கு, பூச்சந்தைக் காட்சியும் வெளுத்துப் போய் நிக்குது. லேப்டாப்ல 'லிமிடெட்', ப்ரொஜெக்டர்ல 'ஃபுல்', ரெண்டும் மாத்தியாச்சு.

வண்ணார்பேட்டை_ஆப்பரேட்டர்

ரெண்டையும் மாத்தினதுதான் கோளாறு. இப்போ லேப்டாப் 16-லருந்து 235 வரை அனுப்புது, ப்ரொஜெக்டர் 0-லருந்து 255-ஐ எதிர்பாக்குது. அதனால கருப்பு கருப்பாவும் வராது, வெள்ளை வெள்ளையாவும் வராது. லேப்டாப்ல 'லிமிடெட்' அப்படியே இருக்கட்டும், ப்ரொஜெக்டரைப் பழையபடி 'லிமிடெட்' ஆக்குங்க. 'ஆட்டோ'வுல விடாதீங்க, கேபிளைக் கழட்டி மாட்டினா அதுவா மாறிரும். மாத்தின பெறவு கூரைக் காட்சியையும் பூச்சந்தையையும் மாறி மாறிப் போட்டுப் பாருங்க. ஒண்ணுல ஓட்டு விளிம்பும் இன்னொண்ணுல வெள்ளைப் பூவோட இதழும் ஒரே செட்டிங்ல தெரிஞ்சா அதுக்கு மேல ஒண்ணையும் தொடாதீங்க, மெனுவுல 'யூசர் 1'-ல சேமிச்சு வச்சிருங்க.